வசனத்துக்குக் கைகால் முளைக்கட்டும்: வேதத்தின்படி நடக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணை ஒன்றை நானும் ஒரு காலத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு வாசித்தால் கணக்கு சரியாக வந்துவிடும். கட்டத்துக்குள் டிக் போடுவதில் ஒரு தனி சந்தோஷம் இருந்தது. ஒருநாள் காலை, நான்காவது அதிகாரத்தில் இருக்கும்போது வீட்டில் ஒருவர் ஏதோ கேட்க வந்தார். "வேதம் வாசிக்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்று எரிந்து விழுந்தேன். வந்தவர் பேசாமல் திரும்பிப் போனார். நான் டிக் போட்டேன். அன்று வாசித்தது எந்தப் புத்தகம் என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது. திரும்பிப் போனவரின் முகம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதற்கப்புறம் அட்டவணையை ஓரம் வைத்துவிட்டு, குறைவாக வாசித்து, வாசித்ததில் ஒன்றையாவது அன்றைக்கே செய்து பார்ப்பது என்று மாறினேன். இந்தக் கட்டுரை அந்த முறையைப் பற்றியது. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கும், பிறந்ததிலிருந்து ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தும் வேதத்தைத் தானாகத் திறந்து பழக்கமில்லாதவர்களுக்கும் இது உதவலாம்.

தொடங்குமுன் ஒரு விஷயம். நல்லது செய்து கடவுளிடம் மார்க் வாங்குவதற்காக அல்ல இதெல்லாம். எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் 8, 9, 10 ஆகிய மூன்று வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். இரட்சிப்பு கிருபையினால் வருகிறது, அது கிரியைகளினால் உண்டானதல்ல என்று முதல் இரண்டும் சொல்கின்றன. நற்கிரியைகளைச் செய்யவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது மூன்றாவது. பலர் ஒன்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், சிலர் பத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தங்களையே வதைத்துக்கொள்கிறார்கள். வரிசை மாறாமல் மூன்றும் வேண்டும்.

1. புரிகிற மொழிபெயர்ப்பை எடுங்கள்

சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது 'பழைய மொழிபெயர்ப்பு' என்று நாம் சொல்லும் பரிசுத்த வேதாகமம். 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவான தமிழ் அது. ஓசை அழகு உண்டு, மனப்பாடத்துக்கு அதைப்போல் வேறொன்று இல்லை. ஆனால் அந்தத் தமிழில் சில சொற்கள் இன்று வேறு அர்த்தத்துக்குப் போய்விட்டன. 1 பேதுரு 5:7-ஐப் பாருங்கள்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." விசாரணை என்றால் நமக்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும் ஞாபகம் வருகிறது. புதிதாக வாசிக்கிற ஒருவர், 'கடவுள் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்பார் போல' என்று பயந்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே விசாரிப்பது என்றால் நலம் விசாரிப்பது, அக்கறையோடு கவனித்துக்கொள்வது. உடம்பு சரியில்லாதவரை ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார் என்கிறோமே, அது.

அதனால் எளிய தமிழில் இருக்கும் இன்னொரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அதற்கு நல்லது. அதில் கர்த்தர் 'ஆண்டவர்' ஆகவும், சங்கீதம் 'திருப்பாடல்கள்' ஆகவும் இருக்கும், குழம்ப வேண்டாம். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்க வேதாகமத்தில் 73. எண்ணிக்கை வித்தியாசம் பழைய ஏற்பாட்டில்தான். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் எல்லாருக்கும் ஒன்றே.

செல்போனிலா, அச்சுப் புத்தகத்திலா? எனக்குப் புத்தகம்தான். போனில் வாசித்தால் மூன்றாவது வசனத்தில் யாராவது செய்தி அனுப்புவார்கள். கண் சரியில்லாதவர்கள் ஒலி வடிவில் கேட்கலாம். எழுத்தில் வாசிப்பதைவிட அது எந்த விதத்திலும் குறைவல்ல. முதல் நூற்றாண்டில் பவுலின் கடிதங்களைச் சபையில் பெரும்பாலோர் காதால் கேட்டுத்தான் அறிந்துகொண்டார்கள்.

2. ஆதியாகமத்திலிருந்து நேராகப் போக வேண்டாம்

புத்தகம் என்றால் முதல் பக்கத்திலிருந்துதான் என்று தொடங்கி, ஆதியாகமத்தை ஆர்வமாக முடித்து, யாத்திராகமத்தின் பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலர் வழிபட்ட கூடாரம்) அளவுகளில் தடுமாறி, லேவியராகமத்தில் மூடி வைத்தவர்கள் எத்தனையோ பேர். வேதாகமத்தை ஒரே புத்தகமாக நினைக்காமல் ஒரு நூலகமாக நினையுங்கள். எந்த அலமாரியிலிருந்தும் தொடங்கலாம்.

என் யோசனை மாற்கு சுவிசேஷம். நான்கு சுவிசேஷங்களில் இதுவே சிறியது, 16 அதிகாரங்கள்தான். சத்தமாக வாசித்தாலும் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கிரேக்க மூலத்தில் 'உடனே' என்ற சொல் மட்டும் ஏறக்குறைய நாற்பது முறை வருகிறது. அவ்வளவு வேகமான நடை. இயேசு என்ன செய்தார், யாரோடு சாப்பிட்டார், யார்மேல் கோபப்பட்டார், யாரைத் தொட்டார் என்று முதலில் ஒரு முழு உருவம் மனதில் பதிய வேண்டும். அந்த உருவம் பதியாமல் கட்டளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அவை வெறும் விதிப் புத்தகமாகிவிடும்.

அடுத்தது யாக்கோபு. ஐந்தே அதிகாரம், 108 வசனங்கள், அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டளை வாக்கியங்கள். நாக்கு, பணம், பாரபட்சம், சண்டை என்று எல்லாமே வீட்டு விஷயம். அதோடு மலைப் பிரசங்கம், அதாவது மத்தேயு 5 முதல் 7 வரை. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிப்பவர்கள் உண்டு, அதுவும் நல்ல வழிதான். பிற்பாடு ஒருநாள் லேவியராகமத்துக்கும் வாருங்கள். வந்தால் அங்கேயும் புதையல் இருக்கிறது, கீழே ஒன்றைக் காட்டுகிறேன்.

நேரம்? பதினைந்து நிமிடம் போதும். விடியற்காலையே பரிசுத்தமான நேரம் என்று யாராவது சொன்னால் ரொம்பவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்கு 1:35-இல் இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபிக்கிறார், உண்மை. சங்கீதம் 63-இல் தாவீது படுக்கையில் படுத்துக்கொண்டு இராச்சாமங்களில் தியானிக்கிறார். தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். இரவுப் பணி முடிந்து வருபவருக்குக் காலை ஐந்து மணி என்பது தூங்கும் நேரம். ஒரே நேரம், ஒரே இடம் என்று இருந்தால் பழக்கம் சீக்கிரம் ஒட்டும், அவ்வளவுதான்.

3. மெதுவாக வாசிப்பது எப்படி

இதைச் செய்து காட்டினால்தான் புரியும். மத்தேயு 5:23, 24-ஐ எடுத்துக்கொள்வோம்.

"ஆகையால், நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து."

முதலில் இரண்டு முறை வாசியுங்கள், ஒருமுறை வாய்விட்டு. அப்புறம் கேள்வி: இங்கே என்ன நடக்கிறது? இயேசு பேசுவது கலிலேயாவில் ஒரு மலைமேல். பலிபீடம் இருப்பது எருசலேம் ஆலயத்தில். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல், நடந்து போனால் சில நாட்கள் ஆகும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியும். வருடத்தில் சில முறை அவ்வளவு தூரம் நடந்து போய், கூட்டத்தில் நின்று, கடைசியில் பலிபீடத்தின் முன் வந்த பிறகு, காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் போ என்கிறார். கேட்டவர்களில் யாராவது சிரித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அவ்வளவு மிகையான படம், வேண்டுமென்றே அப்படிச் சொல்லப்பட்டது.

அடுத்த கேள்வி: இதில் நான் எதைக் கவனிக்காமல் தாண்டினேன்? நான் பல வருடம் தாண்டிய இடம் 'உன்பேரில் உன் சகோதரனுக்கு' என்பது. எனக்கு அவர்மேல் கோபம் என்று அங்கே இல்லை. அவருக்கு என்மேல் வருத்தம். என் மனதில் ஒன்றுமில்லை, நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்க இந்த வசனம் விடுவதில்லை.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம்: இன்றைக்கு, இருட்டுவதற்குள், இதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே வரி. 'எல்லாரிடமும் சமாதானமாக இருப்பேன்' என்று எழுதினால் அது எழுதாததற்குச் சமம். இரவு வந்ததும் செய்தோமா இல்லையா என்று பார்க்க முடியாத எதையும் எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: 'மாலை வேலை முடிந்ததும் அவருக்குப் போன் செய்து, அன்று எல்லார் முன்னாலும் அவரைக் கிண்டல் செய்தது தப்பு என்று சொல்வேன். "ஆனால் நீங்களும்..." என்று ஆரம்பிக்க மாட்டேன்.' யார், எப்போது, என்ன என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். எதைச் சொல்லக்கூடாது என்பதையும் எழுதிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பெரும்பாலான மன்னிப்புகள் அந்த 'ஆனால்' என்ற சொல்லில்தான் கெட்டுப்போகின்றன.

எழுதிய வரியை அப்படியே ஜெபமாக்குங்கள். "ஆண்டவரே, போன் செய்யத் தைரியம் தாரும், அவர் எடுக்காவிட்டால் அப்பாடா என்று நான் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்" என்பதும் ஜெபம்தான். நீளமாக, மேடைத் தமிழில் இருக்க வேண்டியதில்லை.

4. பகலெல்லாம் கூட வைத்திருங்கள்

'இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்' என்கிறது முதல் சங்கீதம். தியானம் என்றதும் கண்ணை மூடி உட்கார்வது போல் தோன்றும். ஆனால் அங்கே எபிரெயத்தில் இருக்கும் 'ஹாகா' என்ற சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31:4-இல் சிங்கம் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமுவதற்கும் அதே சொல். பேருந்தில் நிற்கும்போது, பாத்திரம் கழுவும்போது, கணினி திறக்கக் காத்திருக்கும்போது வாய்க்குள் ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் அந்தத் தியானம்.

வாரத்துக்கு ஒரு வசனம் மனப்பாடம் செய்தால் போதும். சின்னதாக எடுங்கள். பள்ளிப் பரீட்சை போல ஒப்பிப்பதற்கல்ல, தேவைப்படும் நிமிடத்தில் நாக்கு நுனியில் இருப்பதற்கு. மத்தேயு 4-இல் வனாந்தரத்தில் சோதனை வந்தபோது இயேசு கொடுத்த மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. அங்கே சுருளை விரித்துத் தேட நேரமில்லை.

5. அதிகம் தடுக்கும் சில இடங்கள்

வாய். எனக்கு முதல் இடம் இதற்குத்தான். "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்" என்கிறது நீதிமொழிகள் 15:1. 'மெதுவான' என்பதைக் குரலின் அளவாகவே எடுத்துப் பழகலாம். எதிரில் இருப்பவர் குரல் உயரும்போது நம் குரலை வேண்டுமென்றே ஒரு படி இறக்கிப் பேசிப் பாருங்கள். எழுத்தில் வரும் கோபத்துக்கு வேறு வழி: பதிலைத் தட்டச்சு செய்யுங்கள், அனுப்பாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசியுங்கள். பாதிக்கு மேல் அழித்துவிடுவீர்கள். பொய்ச் செய்தியை ஏற்றுக்கொள்ளாதே என்று யாத்திராகமம் 23:1 சொல்கிறது. உண்மையா என்று பார்க்காமல் குழுக்களில் செய்திகளைத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு அதைவிடச் சுருக்கமான கட்டளை எனக்குத் தெரியாது. அதிலும் 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று முன்னால் சேர்த்து அடுத்தவர் வீட்டு ரகசியத்தைப் பரப்புவது இருக்கிறதே, அதற்கும் பெயர் புறங்கூறுதல்தான்.

பணம். லேவியராகமத்தில் புதையல் என்று சொன்னேன் அல்லவா, இதோ. 'உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக' என்ற புகழ்பெற்ற வார்த்தை இருப்பது லேவியராகமம் 19:18-இல். அதற்கு ஐந்து வசனம் முன்னால், 13-இல், கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று இருக்கிறது. அன்பு என்ற பெரிய சொல்லுக்கு வேதம் கொடுக்கும் அளவுகோல் எவ்வளவு சின்னது பாருங்கள்: வேலை செய்தவருக்கு அன்றைக்கே காசைக் கொடு. நீங்கள் யாருக்காவது கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறதா? கையில் பணம் இருந்தும் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று இழுத்துக்கொண்டிருக்கிறீர்களா? அன்றைய வரி அதுவாக இருக்கட்டும். தவறாக வாங்கியது இருந்தால் வரி வசூலிப்பவராக இருந்த சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). அவர் சாட்சி சொல்லும் முன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப.

வேலை. கொலோசெயர் 3:23, எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்கிறது. அலுவலக மேசைகளில் ஒட்டப்படும் வசனம். முந்தின வசனத்தைப் பார்த்தால் இது அடிமைகளாக இருந்தவர்களுக்கு எழுதப்பட்டது என்று தெரியும். பாராட்டோ பதவி உயர்வோ கிடைக்க வழியில்லாதவர்களிடம், உங்கள் உழைப்பைப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று பவுல் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களுக்கு: நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார். மேலதிகாரியாக இருப்பவர்கள் இருபத்துமூன்றாம் வசனத்தைக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு அனுப்பாமல், இந்த இன்னொரு வசனத்தைத் தங்கள் மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

மன்னிப்பு. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மத்தேயு 18-இல், எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதற்கு ஏழெழுபது தரம் என்று சொல்லிவிட்டு, இயேசு ஒரு கதை சொல்கிறார். ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப் பணம், ஒரு வெள்ளிப் பணம் என்பது ஒருநாள் கூலி. ஆக ஆறு கோடி நாட்களின் கூலி! அது மன்னிக்கப்படுகிறது. வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப் பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். பிரசங்கங்களில் அந்த நூறை 'அற்பத் தொகை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அற்பமில்லை. நூறு நாள் உழைப்பு, மூன்று மாதத்துக்கு மேல். உங்களுக்கு நடந்தது ஒன்றுமேயில்லை என்று இயேசு சொல்லவில்லை. வலி உண்மைதான், கடன் உண்மைதான், ஆனாலும் ஆறு கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பதும் மறுபடி அடி வாங்கப் போவதும் ஒன்றல்ல. வீட்டில் அடிபடுகிறவர்களிடம் "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே, திரும்பிப் போ" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தாவீது இரண்டு முறை தப்பவிட்டார் (1 சாமுவேல் 24, 26). கையில் கிடைத்தும் கொல்லவில்லை, பழிவாங்கவில்லை. ஆனால் சவுல் தன் தப்பை ஒப்புக்கொண்டு, "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று கூப்பிட்டபோதும் அவர் அரண்மனைக்குத் திரும்பவில்லை, தன் வழியே போனார். ஆபத்தில் இருந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், சட்டத்தின் உதவியைக் கேளுங்கள். மன்னிப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.

கவலை, சோர்வு. 1 இராஜாக்கள் 19-இல் எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அவர் சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார், இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்சு அப்புறம்தான். சில நாட்களில் வேதத்தின்படி நடப்பது என்றால் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குவது. வாரக்கணக்காக அந்தச் செடியின் கீழேயே இருக்கிறீர்கள் என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதனால் விசுவாசம் குறைந்துவிடாது.

6. ஒற்றை வசனத்தை நம்பி ஓடாதீர்கள்

வசனங்களைக் காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் தனித்தனியாகப் பார்த்தே பழகிவிட்டோம். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் போட்டவை. இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் புதிய ஏற்பாட்டில் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரரின் பதிப்பில் வந்தன. எழுதியவர்கள் எண் போட்டு எழுதவில்லை. எண்கள் வீட்டுக் கதவிலக்கம் போல, கண்டுபிடிக்க உதவும். கதவிலக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

எரேமியா 29:11 எல்லாருக்கும் பிடித்த வசனம். நம்மைக் குறித்துக் கர்த்தருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை. பரீட்சைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் முந்தின நாள் அனுப்பிக்கொள்வோம். அது உண்மையில் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனத்திலேயே, இதெல்லாம் எழுபது வருஷம் கழித்துத்தான் என்று இருக்கிறது. அதுவரை? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள். நாளைக்கு நல்ல செய்தி வரும் என்ற வாக்குறுதியாக அதை எடுத்துக்கொண்டவர், செய்தி வராதபோது கடவுள் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார். முழுக் கடிதத்தையும் வாசித்தவருக்கோ பிடிக்காத ஊரில், பிடிக்காத வேலையில் எப்படி வேரூன்றி வாழ்வது என்று ஒரு வழி கிடைக்கிறது.

பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று விளையாட்டுப் போட்டிக்கு முன் சொல்கிறார்கள். பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். முந்தின வசனம், பட்டினியாயிருக்கவும் தெரியும், பரிபூரணமடையவும் தெரியும் என்கிறது. ஜெயிப்பதற்கான பலம் என்பதைவிட, இல்லாமையைத் தாங்குவதற்கான பலம் அது.

அதனால் ஒரு வசனம் மனதைத் தொட்டால் மேலே பத்து, கீழே பத்து வசனங்களை வாசித்துவிட்டு நோட்டை எடுங்கள். வனாந்தரத்தில் சாத்தானும் வசனம் சொன்னான், 91-ஆம் சங்கீதத்திலிருந்து. வார்த்தைகள் வேதத்தில் இருப்பவைதான்.

7. தனியாக வேண்டாம்

அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருக்கிறார். "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று பிலிப்பு கேட்டதும், ஒருவன் சொல்லித்தராவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டு, அவரை ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். ராணியின் பொக்கிஷமெல்லாம் கையில் வைத்திருந்த ஆள் அவர், தெரியாது என்று சொல்ல வெட்கப்படவில்லை.

ஒரு சபையில் சேர்ந்திருங்கள். அதோடு, உங்கள் நோட்டு வரியைக் காட்டக்கூடிய ஒரே ஒரு ஆளைத் தேடுங்கள். வாரம் ஒருமுறை, "போன வாரம் எழுதியதைச் செய்தாயா?" என்று கேட்கிறவர். அவர் உங்களைவிட வேதம் அதிகம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கேட்டதை வெளியே சொல்லாதவராக இருந்தால் போதும். போதகர் சொன்னதையும் வீட்டில் வந்து திறந்து பாருங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17:11-இல் பாராட்டும் வாங்கினார்கள்.

8. விட்டுப்போகும் நாட்கள்

நிச்சயம் விட்டுப்போகும். முதல் பத்து நாள் உற்சாகம், பிறகு ஒருநாள் தவறும், அந்த ஒருநாள் ஒரு வாரமாகும். தவறிய நாட்களைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் வாசித்து 'கடனை அடைக்க' முயலாதீர்கள். இன்றைய பகுதியைத் திறங்கள், அவ்வளவுதான். அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று புலம்பல் 3:23 சொல்கிறது. அதை எழுதியவர் இடிந்துபோன நகரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதினார்.

வாசித்தும் ஒன்றும் தோன்றாத நாட்களும் வரும். அப்போது சங்கீதங்களுக்குப் போங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒன்றையும் ஜெபப் புத்தகத்துக்குள் விட்டு வைத்திருக்கிறார்கள். சந்தோஷமாக நடிக்க வேண்டியதில்லை.

எழுதிய வரியைச் செய்யாமல் இரவு வந்துவிட்டால் நோட்டில் 'செய்யவில்லை' என்று எழுதிவிட்டுத் தூங்குங்கள். முடிந்தால் ஏன் என்றும் ஒரு சொல். பயம், சோம்பல், மறதி, வறட்டு கௌரவம் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பாருங்கள். என் நோட்டில் 'செய்யவில்லை' என்ற வரிகளுக்குப் பக்கத்தில் ஒரே பெயர் ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்தும் வேறு வேறு புத்தகம், வேறு வேறு வசனம், ஒரே ஆள். ஆறாவது முறை எழுதவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.